டேப்லெட்டில் கீறிய அறை

வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் நான் கீறிய வீடுகள் நிற்கின்றன. அந்தத் தொழிலைச் சாட்டாக வைத்துத்தான் மெல்பேர்னில் குடும்பத்தோடு இருக்கும் மகளிடம் போகாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். "வந்து எங்களோட இருங்க அப்பா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அது இல்லாமல் வேலை செய்ய முடியாது. வேலை இல்லாமல் என்னால் சும்மா இருக்க முடியாது.

அதில் பொய் ஒன்றும் இல்லை. மடிக்கணினி என்று பெயர்தானே தவிர, அதை மடியில் வைத்து எத்தனையோ வருடமாகிறது. பிணைச்சல் உடைந்து, மூடியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். பற்றரி செத்துவிட்டது. வயரைக் கழற்றினால் அந்த நொடியே உயிர் போய்விடும். உள்ளே இருக்கும் காற்றாடி நெல்லுக் குற்றும் மில் மாதிரி இரையும். ஆனால் நான் கற்ற மென்பொருள் அதில்தான் ஓடும். நான் கீறிய அத்தனை வீடுகளும் அதற்குள்தான் கிடக்கின்றன.

மகள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டேப்லெட்டை ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். பொதியைப் பிரித்தால் ஒரு கண்ணாடிப் பலகை, கொழுவிக்கொள்ள ஒரு விசைப்பலகை, எழுத ஒரு பேனை. கொழுவினால் கணினி, கழற்றினால் சிலேட். அன்று பின்னேரம் அந்தச் சிலேட்டிலேயே கூப்பிட்டாள்.

"ஒரு மாசம் இதில வேலை செஞ்சு பாருங்க அப்பா. சரிவந்தா அந்தச் சாட்டு இனி இல்ல. வாறீங்க."

"சரிவராட்டி?"

"சரிவரும்."

தாயின் பிடிவாதம் அப்படியே இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன். மனதுக்குள் மட்டும் இந்தச் சாமான் எப்படியாவது கவிழ்ந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஏன் அப்படி வேண்டினேன் என்று கேட்டால், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. இந்த ஊரில் என்னைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லை. நான் வடக்கே பனிச்சங்கேணிக்காரன். இந்தத் தேற்றாத்தீவில் பெண் எடுத்து வந்தவன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. பிறகு அது அவளுடைய மகளுக்கு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே காணிக்குள், வளவின் பின்மூலையில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். எங்களுக்கு அந்த வேலையும் வரவில்லை. வீட்டை எழுதிக் கொடுத்த கையோடு மகள் விமானம் ஏறிவிட்டாள். மகளின் வீட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் இருந்தோம். பிறகு மனைவியும் கண்ணை மூடிவிட்டாள். இப்போது மகளின் வீட்டைப் பார்த்துக்கொண்டு நான் இருக்கிறேன்.

தலை முழுக்க நரைத்த பிறகும் ஊரில் வயதானவர்கள் என்னை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். யாருக்கு மாப்பிள்ளையோ அவள் இல்லாமல் அந்தச் சொல்லைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். சில நாள் கடைக்கு வேறு தெருவால் சுற்றிப் போய் வருவேன்.

டேப்லெட்டுக்கு வருகிறேன். முதல் கிழமை அதில் குறை பிடிக்கவே உட்கார்ந்தேன். குறை கிடைத்தது. மடியில் வைத்துத் தட்டினால் விசைப்பலகை தொய்ந்து, திரை பின்பக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். மேசையில் வைத்தால்தான் ஒழுங்காக நிற்கும். பென்டிரைவ் செருகத் துளை இல்லை. அதற்கென்று ஒரு துண்டு வயர் வேண்டும். ஒரு கோப்பைச் சேமித்தால் அது எந்த மூலைக்குள் போய் ஒளிந்துகொண்டது என்று தேட வேண்டும். இதையெல்லாம் மகளிடம் ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். குறை சொல்லும்போது என் குரலில் ஒரு உற்சாகம் வந்திருக்க வேண்டும். "நல்லாத்தான் சந்தோஷப்படுறீங்க" என்றாள்.

ஆனால் வேலை தவிர்ந்த மற்றதற்கெல்லாம் அது மடிக்கணினியை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டது. பேப்பர் வாசிக்க, கடிதம் அனுப்ப, கரண்ட் பில் கட்ட, மகளின் முகம் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதுவே போதும். குசினிக்குள் கொண்டுபோய்ச் சோறு வடித்துக்கொண்டே செய்தி கேட்கலாம். ஒரு நாள் சார்ஜ் ஏற்றினால் அடுத்த நாளும் ஓடும். ஒரு விஷயம்தான் என்னை வருத்தியது. அதற்குள் காற்றாடி இல்லை. சத்தமே இல்லை. பழைய மெசினை நிறுத்திவிட்டு இதில் உட்கார்ந்தால் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லாதது காதில் விழும். அதுவரை அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அது எனக்குத் துணையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் வேலை எதுவும் இல்லாமலே பழைய மெசினைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து டேப்லெட்டில் பேப்பர் வாசித்தேன். யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் கிழமை வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து ஒரு வேலை வந்தது. பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, வயல் வட்டைகளுக்கு நடுவே போக வேண்டும். மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கும் ஒரு தாய். வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் கல்யாணம். அதற்குள் வீட்டு வேலை தொடங்க வேண்டும். டேப்லெட்டைப் பையில் போட்டு மோட்டார்சைக்கிளில் போனேன்.

வெயிலில் திறந்தால் திரை கறுத்துப்போய் என் முகம்தான் தெரிந்தது. மகளிடம் சொல்ல இன்னொரு குறை என்று குறித்துக்கொண்டு, புளியமரத்து நிழலுக்குப் போனேன். அங்கே இருந்து கீறத் தொடங்கிய பிறகுதான் மனம் கொஞ்சம் தடுமாறியது. பேனையால் கீற முடிந்தது. கணினி வந்த நாளிலிருந்து கை மறந்துபோன வேலை அது. வளவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாசல், விறாந்தை, அறை என்று கோடு இழுத்தேன். அந்தத் தாய் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தாள். இவ்வளவு காலமும் நான் கீறி முடித்த தாளைத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். விளங்காவிட்டாலும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார்கள். இவள் அப்படி விடவில்லை.

"இந்தக் கதவக் கொஞ்சம் இஞ்சால தள்ளுங்க ஐயா. குசினிக்குள்ள நிண்டா வாசல் தெரியோணும்" என்று திரையில் விரலை வைத்தாள். சுவர் விரலோடு நகர்ந்தது. சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு ஒரு ஆளோடு சேர்ந்து சிரித்தேன்.

"அறை ரெண்டுதான் வருது. காணுமா?" என்று, போதாதோ என்ற நினைப்பில் கேட்டேன்.

"புள்ளைக்குக் காணும்."

"உங்களுக்கு?"

"எங்களுக்கென்ன, பின்னால ஒரு கொட்டில். அதையும் இதிலயே கீறி விடுங்க. மகள்ட வளவுதானே, ஆரு கேக்கப்போறா?"

வளவை அளக்க அவளே நாடாவின் நுனியைப் பிடித்தாள். நன்றாகத்தான் பிடித்தாள். ஆனால் நான் அளவை வாசித்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரு கணம் காத்து நின்றேன். என் மனைவி நாடா பிடிக்க வந்தால், நான் சொல்லும் அளவைத் தானும் ஒருமுறை உரக்கச் சொல்வாள். "பத்தடி ஏழு" என்றால் மறுமுனையிலிருந்து "பத்தடி ஏழு" என்று வரும். அது வந்தால்தான் என் கை எழுதும். இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வளவு வேலைகளுக்கெல்லாம் அவள்தான் என்னோடு வந்தாள். பாவம், அந்தத் தாய்க்கு என்ன தெரியும். நான் எதற்கு நிற்கிறேன் என்று விளங்காமல் நாடாவை இன்னும் இறுக்கி இழுத்தாள்.

வரும்போது ஒரு முட்டி தயிர் தந்துவிட்டாள். ஒரு பக்கம் தயிர், ஒரு பக்கம் டேப்லெட் என்று பாலத்தில் மெதுவாக வந்தேன். மகளின் வளவுதானே என்று அவள் சொன்ன விதம் காதுக்குள் நின்றது. அதைக் கேள்வியே இல்லாமல் சொன்னாள்.

பிளானை டேப்லெட்டிலேயே முடித்து, களுவாஞ்சிக்குடியில் அச்சடித்தேன். தாளில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் பத்தடி அறை ஒன்பதடியும் கொஞ்சமுமாகத் தெரிந்தது. அச்சுக்கு அனுப்பும்போது 'தாளுக்குப் பொருத்து' என்றிருந்ததை மாற்றாமல் விட்டிருக்கிறேன். படம் முழுக்கச் சுருங்கிவிட்டது. பிழை என்னுடையது. ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டேன்.

"சரிவரல்ல மகள். தொழிலுக்கு இது உதவாது."

"சரி அப்பா. உங்கட விருப்பம்" என்றாள். சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளுடைய முகம் வாடியதைத் திரையில் பார்த்தேன். வென்ற சந்தோஷம் அப்போதே போய்விட்டது. மகளைத் தோற்கடித்து என்ன கண்டேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த நாள் மழை. பழைய மெசினில் அதே பிளானைத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தேன். காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. மத்தியானம் கரண்ட் போனது. அதோடு செய்த வேலையும் போனது. சேமிக்க மறந்திருந்தேன். கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. கேட்க ஆள் இல்லாததால் இரண்டு தரம் சொன்னேன். பிறகு கோபத்தோடு டேப்லெட்டை எடுத்தேன். மழை வெளிச்சத்தில், விறாந்தையில் இருந்து, அந்தச் சுருங்கிய படத்தைத் திருத்தி, அளவுத்திட்டத்தைச் சரியாகக் கொடுத்து, கதவுக்குக் கதவு அளவு போட்டு முடித்தேன். பழைய மெசினில் செய்வதைவிட நேரம் கூடத்தான் பிடித்தது. கட்டளையைத் தட்டிச் செய்யும் வேலையை விரலால் தேடித் தேடிச் செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் முடிந்தது. கரண்ட் வந்தபின் களுவாஞ்சிக்குடிக்குப் போய் அச்சடித்துப் பார்த்தேன். பத்தடி பத்தடியாகவே இருந்தது.

ஆகவே, என்னைக் கேட்டால் சொல்வேன்: சின்ன வீடென்றால் டேப்லெட் போதும். இரண்டு மாடி, தூண், கம்பி விபரம் என்று வந்தால் மடிக்கணினி இல்லாமல் முடியாது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் இரண்டு மாடி கேட்கிறார்கள்? என் சாட்டு அத்தோடு முடிந்துவிட்டது.

முடிந்ததில் துக்கம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. போகலாம் என்று தோன்றியது. மகளின் வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது.

மகள் பேசும்போது அவளுடைய பின்வளவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேலி ஓரம் ஒரு தேசிக்காய் மரம், உடுப்புக் காயப்போடும் கம்பி, மற்ற மூலை வெறும் புல். அந்த மூலையில் ஒரு அறை கீறினேன். பத்துக்குப் பன்னிரண்டு. கிழக்கே ஒரு யன்னல், மேசைக்கு. பக்கத்தில் சின்னக் கழிவறை. கதவை வீட்டின் குசினியைப் பார்த்து வைத்தேன். அவர்களுடைய குளிர் நாட்டுக்கு ஓட்டுக் கூரை சரிவருமா என்றுகூட யோசித்தேன். எத்தனை பேருக்கு எத்தனை அறை கீறியிருப்பேன். எனக்கென்று ஒன்று கீறியது அதுதான் முதல்தடவை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். கையில் அப்படியொரு பிரியம் இருந்தது. முழுக்க டேப்லெட்டிலேயே செய்து, 'அப்பாவின் அறை' என்று எழுதி, அவளுக்கு அனுப்பினேன்.

அன்று அவள் கூப்பிடவில்லை. மறுநாள் பின்னேரம் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"வடிவா இரிக்கு அப்பா" என்றாள்.

"யன்னல் பெரிசாப் போச்சோ? குளிரெண்டா குறைக்கலாம்."

"அப்பா, இது வாடக வீடு."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"வளவு?"

"வளவும்தான். ஒரு ஆணி அடிக்கிறெண்டாலும் கேக்கோணும். நான் சொல்லல்லயா அப்பா?"

சொல்லியிருக்கமாட்டாள். நான் கேட்டதும் இல்லை. வீடு மாறிவிட்டோம் என்று சொன்னபோது புது வீடு என்று சந்தோஷப்பட்டேன். மகள் இருக்கும் வீடு மகளுடையது இல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும்? வீடு கட்டுவதையே தொழிலாகச் செய்தவனுக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆளுக்கு அது வராது.

"நீங்க வாங்க அப்பா. ஹோல்ல இரிக்கிற சோபாவ விரிச்சா கட்டில். பகல்ல மடிச்சு வைக்கலாம். உங்களுக்கு அந்த டேப்லெட்டும் சின்ன மேசையும் காணும்தானே. அதாலதான் அத வாங்கி அனுப்பின."

அவள் எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாள். இருக்கிற இடத்துக்குள் எனக்கு எப்படி இடம் பண்ணுவது என்று பார்த்து, மடக்கக்கூடிய சாமானாகப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறாள். அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது. பகலில் கட்டிலை மடித்துவிட்டு எங்கே போய் இருப்பேன் என்றும் நினைத்தேன். அதைச் சொல்லவில்லை.

"பாப்பம் மகள்" என்றேன்.

"எனக்கெண்டு இரிக்கிற வீடு நீங்க இரிக்கிற வீடுதான் அப்பா" என்றாள். "அதுக்குப் பிளான் இரிக்கா?"

இல்லை. மாமனார் காலத்தில் மேசன் கண்ணால் பார்த்துக் கட்டிய வீடு. ஊருக்கெல்லாம் கீறிய நான் இதைக் கீறியதே இல்லை.

"கீறி அனுப்புங்க. எனக்குச் சில நேரம் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டே மறந்து போகுது."

அடுத்த நாள் நாடாவை எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினேன். வேலைக்குப் போகும் இடத்தில் வீட்டுக்காரர்கள் யாராவது மறுமுனையைப் பிடிப்பார்கள். என் வீட்டில் பிடிக்க ஆள் இல்லை. டேப்லெட்டின் கமராவால் அளக்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒரு மூலையைக் காட்டி, மற்ற மூலைக்கு நகர்த்தினால் அளவு வந்துவிடும். இன்னொரு ஆள் தேவையில்லை. செய்து பார்த்தேன். ஒரே சுவருக்கு மூன்று தடவை மூன்று அளவு சொன்னது. கடைசியில் நாடாவின் நுனியை நிலத்தில் வைத்து, மேலே ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தேன். போய் அளவை வாசித்தேன். பழக்கதோஷத்தில் உரக்கவே வாசித்தேன். ஒவ்வொரு முறையும் நின்று, யாரும் திருப்பிச் சொல்லாததைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

கீறும்போது மடிக்கணினியையும் போட்டுக்கொண்டேன். கோடுகளை அதில் இழுத்தேன். எழுத்தை மட்டும் டேப்லெட்டில், பேனையால், என் கையெழுத்திலேயே எழுதினேன். தொழிலில் 'படுக்கையறை ஒன்று, இரண்டு' என்று போடுவோம். மகளுக்கு அனுப்புவதல்லவா, அவள் சின்ன வயதில் சொன்னமாதிரியே எழுதினேன். முன்னுக்கு விறாந்தை. நடுவே ஹோல். இடப்பக்கம் அம்மாவின் அறை. அடுத்தது மகளின் அறை. சாமியறை. நெல் மூட்டை வைத்த அறை. பின்னால் குசினி. ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கும் என்று வளைகோடு போட்டேன். பார்க்க நல்ல பிளான். நான் கீறியதிலேயே நல்லது அதுதான் என்று நினைத்தேன்.

அனுப்பிய பின்னேரமே கூப்பிட்டாள். நான் ஹோலில், மேசைக்குப் பக்கத்தில், என் மடக்குக் கட்டிலில் இருந்தேன். மனைவி போன பிறகு அவளுடைய அறைக்குள் படுக்க மனம் வராமல் அங்கேதான் படுக்கிறேன். மகளின் அறையை அவள் வந்தால் இருக்கட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறேன். அவள் தன் திரையை எனக்கும் காட்டிக்கொண்டு, பிளானைப் பெரிதாக்கி ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். குசினிக் கதவைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். சாமியறை யன்னலைக் கேட்டாள். அம்மாவின் அறைக்கு வந்ததும் கொஞ்சம் நின்றாள். பிறகு படம் திரும்ப முன்விறாந்தைக்கு வந்து, மறுபடி ஒவ்வொன்றாகப் பின்னால் போனது. எதையோ தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, இதில உங்கட அறை எது?"

நானும் பிளானைப் பார்த்தேன். விறாந்தையிலிருந்து குசினி வரை பார்த்தேன்.

"சிக்னல் இழுக்குது மகள். புறகு எடுக்கிறன்" என்று சொல்லி நிறுத்தினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.